இரட்டை வலைக்குள் இருந்தவள்

என் கணவரின் மணம் மாறியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் சந்தனச் சவர்க்காரம் போட்டுத்தான் குளிப்பார். தலைக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய், கழுத்தோரம் பவுடர். அந்தத் தை மாதத்தில் ஒரு கிழமைக்குள் எல்லாம் நின்றுபோயின. குளியலறையில் சந்தனச் சவர்க்காரம் என் பாவனையில் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மணமே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டி வந்திருந்தது. இது ஏது என்று கேட்டேன். வேலைக்கு என்றார். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன்.

"வாங்கேல்ல. மிஸ் குடுத்தவ" என்றார்.

என் கணவர் சுகாதாரப் பகுதியில் நுளம்புகளைப் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறார். தண்ணீர்த் தாங்கி, பூச்சாடி, பழைய ரயர் என்று வீடு வீடாகத் திறந்து பார்த்துக் குடம்பிப் புழுக்களைத் தேடுவது அவருடைய வேலை. மாரி மழை விட்டதும் எங்கள் திருகோணமலையில் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். அவர் வீட்டில் நிற்கும் நேரம் குறையும். அது எனக்குப் பழக்கம். 'மிஸ்' என்பதுதான் புதிது. அவள் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த பூச்சியியல் உத்தியோகத்தர். ஊர் இலங்கைத்துறை. தகப்பன் கடற்தொழில். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். முப்பது கடந்திருந்தது, கலியாணம் முடிக்கவில்லை, நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நேரில் நானும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் அவள் எப்போதும் 'அவள்'தான், ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அது போதவில்லை. இந்தத் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் எந்த நேரத்தில் அவை கூடுதலாக எழும்புகின்றன, எந்த இடத்தில் முதலில் எழும்புகின்றன என்று பார்க்க வேண்டும், அது தெரிந்தால் புகையடிப்பதையும் பொறி வைப்பதையும் அந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். அதற்குத் துணையாகப் போடப்பட்டவர் என் கணவர்.

அவர்கள் செய்தது இப்படித்தான். பெரிய நுளம்பு வலையொன்றைக் கட்டி, அதற்குள் ஒரு சின்ன வலை கட்டுவார்கள். சின்ன வலைக்குள் ஒரு கதிரை, கதிரையில் ஓர் ஆள். வெளி வலையின் கீழ்விளிம்பை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி விடுவார்கள். உள்ளே இருப்பவரின் மூச்சையும் வியர்வையையும் தேடி வரும் நுளம்பு அந்த இடைவெளியால் நுழைந்து, உள் வலையில் முட்டி, இரண்டு வலைகளுக்கும் நடுவில் அகப்பட்டு நிற்கும். உள்ளே இருப்பவரை அதனால் கடிக்க முடியாது. மற்ற ஆள் வெளியே எதிர்க் கதிரையில் இருந்து, இடைக்கிடை வெளி வலைக்குள் குனிந்து நுழைந்து, கண்ணாடிக் குழாயொன்றின் முனையை வாயில் வைத்து நுளம்பை உறிஞ்சிப் பிடித்துக் கிண்ணத்தில் விடுவார். குழாயின் நடுவில் துணி வைத்திருப்பார்கள், நுளம்பு வாய்க்குள் போகாது. பின்னேரங்களில் வெளிச்சம் முற்றாகப் போகும்வரை இதுதான் வேலை. உடம்பில் எந்த மணமும் இருக்கக் கூடாது, இருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். அந்த வெள்ளைக் கட்டி அதற்காகத்தான்.

காரணம் விளங்கிவிட்டது. விளங்கியதால் என் எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

வீட்டில் அவர் அதிகம் கதைக்காத மனிதர். சாப்பாடு முடிந்தால் கைபேசி, அது முடிந்தால் நித்திரை. அந்தக் கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் கதை பெருகியது. மிஸ் அப்படிச் சொன்னா, மிஸ் இப்படிச் சொன்னா. பெண் நுளம்புதான் இரத்தம் குடிக்கும், முட்டை வைக்க அதற்கு இரத்தம் தேவை என்று ஒரு நாள் எனக்கு விளக்கம் தந்தார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை வருடா வருடம் கரும்பலகையில் கீறுகிறவள். அதைச் சொல்லாமல் சொதியை அவருடைய பீங்கானில் ஊற்றினேன். இன்னொரு நாள், "அவவுக்கு வாற மாதிரி ஒருத்தருக்கும் நுளம்பு வராது" என்றார். என்னைப் பற்றி அவர் அந்தக் குரலில் எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

அவர்களுக்கிடையில் வேறு ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அப்படி நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். எனக்கு எரிந்தது அந்த எதிரெதிர்க் கதிரைகள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் என்னோடு ஒரு பின்னேரம் முழுக்கச் சும்மா இருந்ததில்லை. கடற்கரைக்குப் போனால் கச்சான் கடலைச் சுருள் முடியுமுன் எழும்பிவிடுவார். கோயிலுக்குப் போனால் திருநீறு பூசிய கையோடு செருப்பைத் தேடுவார். அந்த மனிதர் ஒருத்திக்கு எதிரே, அவள் முகத்தருகே வந்து ஒட்டும் நுளம்பைப் பார்த்தபடி, பின்னேரம் பின்னேரமாக அசையாமல் இருக்கிறார்.

ஒரு நாள் பார்க்கப் போனேன். அவர்கள் அப்போது உள்துறைமுகக் கரையில், ஏற்றி வைத்த வள்ளங்களுக்குக் கிட்ட வலை கட்டியிருந்தார்கள். வள்ளங்களுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. கரையோரம் கட்டித் தொங்கவிட்ட ரயர்களுக்குள்ளும் நின்றது. பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, அவித்த கடலை கொஞ்சம் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மேலே நிற்கும் ஓர்ஸ் ஹில் மலையின் மற்றப் பக்கத்தால் இறங்கி நடந்தேன். தெருவின் மதிலோரம் நின்று பார்த்தபோது அவள் வலைக்குள் கையை மடியில் வைத்து இருந்தாள். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. என் கணவர் வெளி வலைக்குள் குனிந்து, வாயில் குழாயோடு, அவள் தோளுக்கு நேரே வலையில் இருந்த ஏதோ ஒன்றைக் குறி வைத்துக்கொண்டிருந்தார். மூச்சைக்கூட விடாதவர் போல நின்றார். அவள் அவருக்காக அசையாமல் இருந்தாள். பிறகு அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட, அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். நான் பிளாஸ்கைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடலையை நானே முழுக்கச் சாப்பிட்டேன்.

அடுத்த நாளே என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் எனக்கும் சொல்ல ஏதாவது வேண்டும் என்பதுதான் நோக்கம், வேறு பெரிய எண்ணமில்லை.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லின் கிழக்கு அடிவாரத்தில், ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கிறது. எருமைத் தயிர் வந்த மண்சட்டிகள் குசினிக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. சிலவற்றின் உட்பக்கத்துக்குக் கறுப்பு நிறம் பூசி, வைக்கோல் ஊறிய தண்ணீரைப் பாதிக்கு ஊற்றி, விளிம்போரம் பழைய துணிக் கீலமொன்றைத் தொங்கவிட்டேன். டெங்கு நுளம்பு இருண்ட, ஈரமான இடம் தேடி முட்டை வைக்கும். துணியில் கறுப்புப் பொட்டாக ஒட்டும். குஞ்சு பொரிக்குமுன் துணியை எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டுவிடலாம். பெரிய சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, அடியில் சீனித் தண்ணீரும் பாண் மாவுக்குப் போடுகிற ஈஸ்டும் கலந்து வைத்தேன். அதிலிருந்து வரும் வாயு மனித மூச்சைப் போல நுளம்பை இழுக்கும். போத்தலைச் சுற்றிக் கறுப்புத் துணி. இதெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

பொறிகளைவிட எனக்குக் கூடுதலாகச் சொல்லித் தந்தது என் கால்தான். பாடசாலை முடிந்து வந்து, பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு, பாவாடையை முழங்கால்வரை உயர்த்திவிட்டு இருந்தேன். நுளம்பு வந்து இருந்ததும் கண்ணாடிக் கிளாசைக் கவிழ்த்து மூடிப் பிடித்தேன். நாலைந்து நாளில் ஒன்று விளங்கியது. துறைமுகம் மலைக்கு மேற்கே, அங்கே சூரியன் தண்ணீருக்கு அப்பால் இறங்கும்வரை வெயில் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் அப்படியில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் நிழல் எங்கள் கூரைகளில் விழுந்துவிடும், வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும்போதே. அந்த நிழல் முற்றத்தைத் தாண்டுகிற நேரம் நுளம்பு எழும்பியது. அவர்கள் கரையில் வலை கட்டி முடிக்குமுன்னரே எங்கள் ஒழுங்கையில் கடி தொடங்கிவிடும். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளோடு ஒழுங்கை வாசலில் கூடி நிற்பதும் அந்த நேரம்தான்.

அன்றிரவு சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். நல்லது என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் அடுத்த நாள் பின்னேரம் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இன்னொரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "ரீச்சர், நிழல் எந்த மூலையில முதல் விழும்?" என்று கேட்டாள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள்.

குசினி மேசையில் என் கிளாசுகளையெல்லாம் எடுத்து வைத்தேன். அவள் பையிலிருந்து கைவில்லையை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் கணவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எவ்வளவோ நேரம் போனது போல இருந்தது. பிறகு அவள் மெதுவாக, நான் பிடித்தவற்றில் பெரும்பாலானவை டெங்கு நுளம்பு இல்லை என்றாள். இவை கொஞ்சம் பெரியவை, உறிஞ்சுகுழல் கீழே வளைந்திருக்கிறது பாருங்கள், மலசலகூடக் குழிகளில் பெருகும் வேறு இனம், காலில் வெள்ளை வரி இருப்பதால் நிறையப் பேர் மாறி எடுப்பார்கள் என்று விளக்கினாள். என் காது சூடாகிவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் பிழையாக எழுதி அகப்பட்டது போல இருந்தது. அதுவும் அவர் பார்த்துக்கொண்டு நிற்க.

கடைசிக் கிளாசுகளில் அவள் நின்றாள். வில்லையை என்னிடம் நீட்டினாள். முதுகில் யாழ் போல வளைந்த வெள்ளைக் கோடு தெரிந்தது. "இதுகள்தான். நீங்கள் சொன்ன நிழல் நேரத்தில பிடிச்சதுகளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் என் கணவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார், இரண்டு பேருடைய முகத்திலும் ஒரே சந்தோசம். அதைக் கொண்டுவந்தது நான். ஆனால் அந்தப் பார்வை என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

அதன் பலன், அவர்கள் கதிரைகளையும் வலைகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் பின்மதிலுக்கு அடுத்த வெறும் வளவில் வலை கட்டப்பட்டது. கரையில் இருந்தபோது நான் பார்க்கப் போனால்தான் தெரிந்தது. இப்போது குசினி யன்னலில் நின்று தேங்காய் துருவினால் தெரிந்தது. அவள் குரல் கேட்கும். என்ன சொல்கிறாள் என்று விளங்காது. இடைக்கிடை என் கணவர் சிரிப்பார். வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முன்வீட்டு அக்கா ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்து, யன்னலால் எட்டிப் பார்த்து, இதென்ன வலைக்குள்ள இருந்து கதை, பார்க்க வடிவாத்தான் இருக்கு என்றா. நான் கறிவேப்பிலையைக் கொப்போடு முறித்துக் கொடுத்தேன்.

ஒழுங்கையில் நுளம்பு முந்தி எழும்பியது உண்மை என்று அவர்களுடைய கிண்ணங்களும் காட்டின. அவர் அதை எனக்கு வந்து சொன்னார். நீர் சொன்னது சரியப்பா என்றார். ஆனால் அதை அவள் முதலில் கண்டு, அவருக்குச் சொல்லி, அவர் எனக்குச் சொன்னார். என் கையை விட்டுப் போய் அவர்கள் கையால் திரும்பி வந்த ஒன்றை வாங்குவது எனக்கு இனிக்கவில்லை.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கண்ணுக்குப் பின்னால் நோவு என்று படுத்தார். அடுத்த நாள் இடுப்பை அசைக்க ஏலாது என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லி ஆஸ்பத்திரி வாட்டில் போட்டார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, அவர் குடிக்கும் தண்ணீரையும் கழிக்கும் சிறுநீரையும் தாதிமார் சொன்னபடி அளந்துகொண்டிருந்தேன். அவர் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. அந்த நாட்களில் எனக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். வெளியே நின்று கடி வாங்கியது அவர். உள்ளே பாதுகாப்பாக இருந்தது அவள்.

அவள் பார்வையாளர் நேரத்தில் செவ்விளநீர் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் நித்திரை. நான் அவளை வாட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"வலைக்குள்ள இருந்தது நீங்கள். வெளிய நிண்டு கடி வாங்கினது இவர்."

அவள் முகம் கறுத்தது. ஆனால் தலை குனியவில்லை.

"ஓம் ரீச்சர். தொடக்கத்தில நான்தான் வெளிய நிண்டனான். அவர் உள்ள இருந்தார். ஒண்டும் வரேல்ல. அவருக்கு நுளம்பு வாறது சரியான குறைவு. அதுதான் மாத்தினது. மாத்துவம் எண்டு சொன்னதும் அவர்தான்."

"அப்ப எப்படி அவருக்குக் காய்ச்சல்?"

"ஒரு நுளம்பு போதும், ரீச்சர். அது வளவில கடிச்சதோ, கந்தோரில கடிச்சதோ, உங்கட வீட்டுக்குள்ள கடிச்சதோ, ஆருக்கும் சொல்ல ஏலாது."

அவள் சொன்னது சரி. அதை நானே வகுப்பில் சொல்லியிருப்பேன். இருந்தாலும் எனக்கு அவளை மன்னிக்க மனம் வரவில்லை. இளநீரை வாங்கிக்கொண்டேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. அவர் பாண் கேட்டார். அன்று அவள் மறுபடி வந்தாள். இப்போது என்னிடம் கேட்க ஒன்று இருந்தது. இன்னும் சில பின்னேரங்கள் ஒழுங்கையில் பார்த்தால்தான் வேலை முடியும், இடையில் விட்டால் பார்த்ததெல்லாம் வீண், கந்தோரில் மற்ற எல்லோரையும் வீடு வீடாக அனுப்பிவிட்டார்கள், தனியே செய்ய ஏலாது என்றாள். நீங்கள் வந்து வலைக்குள் இருப்பீர்களா என்று கேட்டாள். மேலதிகாரியிடம் ஏற்கனவே கேட்டுவிட்டாளாம்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்த வலைக்குள் அப்படி என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. என் தங்கை கட்டைபறிச்சானிலிருந்து வந்து பின்னேரங்களில் வாட்டில் நின்றாள். நான் வெள்ளைக் கட்டியால் குளித்துவிட்டு வளவுக்குப் போனேன்.

முதல் பின்னேரம் கதிரையில் இருந்ததும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு வலைக்கு அப்பால் அவள் ஒரு நிழல் மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரம் போகக் கண் பழகியது. மலையின் நிழல் மதிலைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி, எங்களிடம் வந்தது. வெக்கை கொஞ்சம் இறங்கியது. அதன் பிறகு முதலாவது வந்தது. சத்தமே இல்லை. உள் வலையில், என் முழங்கைக்கு நேரே, காலை விரித்துக்கொண்டு ஒட்டியிருந்தது. வெள்ளை வரிகள் வடிவாகத் தெரிந்தன. பின்னங்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. அதற்கு என்னைத் தெரியும், என் தோலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூல்தான். நான் அசையவில்லை. அவள் குனிந்து உள்ளே வந்து, குழாயை வைத்து, ஒரு சின்ன மூச்சு இழுத்தாள். போய்விட்டது. இன்னொன்று என் கழுத்துப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

பாடசாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் ஓடுகிறவள் நான். வீட்டில் அடுப்புக்கும் கிணற்றுக்கும் இடையில். எதையாவது பார்ப்பதற்காகவே அசையாமல் இருப்பது இப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உயர்தரத்தில் நான் எடுத்ததும் உயிரியல்தான். அதிலேயே போயிருக்கலாம். ஆசிரியர் நியமனம் வந்தது, வீட்டில் போகச் சொன்னார்கள், போய்விட்டேன். அன்று பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்தபோது என் பொறாமை இடம் மாறியது எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாளும் அவள் என் கணவருக்கு எதிரே இருக்கிறாள் என்று எரிந்தேன். இப்போது, இது இவளுடைய வேலை, ஒவ்வொரு நாளும் இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று எரிந்தேன். அதோடு என் கணவர் மேலும் எரிந்தது. இவ்வளவு நாளும் இதை அவர் மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

அவள் கதைத்ததெல்லாம் சாதாரணக் கதை. இலங்கைத்துறையில் மீன் என்ன விலை போகிறது, தாய் கொண்டுவரும் சம்பந்தங்கள், கந்தோரில் மேலதிகாரி காற்சட்டையை இழுத்துவிட்டு நடக்கும் நடை. அந்த நடையை வலைக்கு வெளியே நடந்து காட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரித்தது இதற்குத்தான் என்று தெரிந்தது. பிறகு, சிரித்துக்கொண்டே, நீங்கள் நித்திரையில் வகுப்புப் பிள்ளைகளை ஏசுவீங்களாமே, ஒரு நாள் 'எழும்பி நில்' எண்டு சொல்ல இவர் எழும்பி நிண்டிட்டாராமே என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி நடந்ததே எனக்குத் தெரியாது. என்னைப் பற்றிய கதை அது. நல்ல கதை. என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருக்கிறார். அவர் அங்கே இருந்து என்னைப் பற்றித்தான் கதைத்தார் என்று இன்னொருத்தி என்றால் ஆறுதலடைந்திருப்பாள். எனக்கு அது இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்குச் சாதகமாக வந்தது. எனக்குத்தான் நுளம்பு கூடுதலாக வந்தது. கடைசியில் கிண்ணங்களை ஒப்பிட்டுப் பார்த்து அவளே சொன்னாள், "ரீச்சர், உங்களுக்கு என்னை விடக் கூட வருது" என்று. அன்று வாட்டுக்கு நான் நடந்து போன நடையை யாராவது பார்த்திருந்தால் பரிசு வாங்கியவள் என்று நினைத்திருப்பார்கள். கணவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவவை விடக் கூடவோ?"

"ஓம்."

"என்னெண்டு? காற்று எந்தப் பக்கத்தால வந்தது?"

காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, வீட்டுக்குப் போனதும் தான் திரும்பவும் வளவுக்குப் போகலாம், மிச்சத்தைத் தானே முடிக்கலாம் என்றார். ஏலாது, உங்களை வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் முகம் விழுந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கிழமைக் கணக்கில் நான் குசினி யன்னலில் வைத்திருந்த முகம் அது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த யன்னல் அவருடையதானது. நாங்கள் இரண்டு பேரும் வளவில் இருக்க, அவர் சாரத்தோடு நின்று எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். வேலை நேரத்தில் சூடானது எதையும் கிட்டக் கொண்டுவரக் கூடாது, கணக்குப் பிழைத்துவிடும் என்று அவள் திருப்பி அனுப்பினாள். அவருக்கு இது தெரியாததல்ல. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, அதை மறைக்கவும் இல்லை.

வேலை முடிந்து அவள் மேலதிகாரிக்குக் காட்டினாள். மலைக்குக் கிழக்கே இருக்கிற ஒழுங்கைகளில் புகையடிப்பதை முன்கூட்டியே செய்யத் தொடங்கினார்கள், ரியூசன் பிள்ளைகள் கூடுமுன். வீடுகளில் கறுப்புச் சட்டிகள் வைத்தார்கள், துணி மாற்ற ஆள் வந்தது. கரையில் வள்ளங்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். சில பேர் கவிழ்த்தார்கள். கூட்டத்தில் அவள் எழுந்து, இதை முதலில் கவனித்தது அந்த ஒழுங்கையில் இருக்கிற ஒரு விஞ்ஞான ரீச்சர் என்று சொன்னாளாம். மேலதிகாரி உடனே என் கணவரைப் பார்த்து, உம்முடைய மிஸிஸோ, கெட்டிக்காரன் நீர் என்று அவருடைய கையைக் குலுக்கியிருக்கிறார். இதைக் கணவர் வந்து சந்தோசமாகச் சொன்னார். குலுக்கிய கையை எனக்கு நீட்டியும் காட்டினார்.

அந்த வருடம் முடியுமுன் அவளுக்கு மன்னார்ப் பக்கம் மாற்றம் வந்தது. கேட்டு வாங்கியதுதான். அங்கே கிணறுகளில் வேறு ஒரு நுளம்பு பெருகுகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றாள். போகுமுன் வீட்டுக்கு வந்தாள், புட்டும் மீன்குழம்பும் கொடுத்தேன். கணவர் அன்று வழமையை விடக் குறைவாகத்தான் கதைத்தார். வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது கொஞ்சம் அதிக நேரம். ஸ்கூட்டர் ஒழுங்கை முனையில் திரும்பியதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே வந்தோம். அவருக்குப் புதிதாக வந்த துணை ஒரு தம்பி, நாள் முழுக்கக் கைபேசி பார்க்கிறவன். பின்னேரங்களில் அவர் நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார். நான் விடுமுறைகளில் அந்தப் பிரிவுக்குத் தொண்டராகப் போகிறேன். துணிக் கீலங்களில் முட்டை எண்ணுகிறேன். நன்றாக எண்ணுவேன்.

அவள் இடைக்கிடை எனக்குத்தான் அழைப்பாள், அவருக்கில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. போன மாதம் அழைத்தபோது, அங்கே இரட்டை வலை கட்டத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். உள்ளே இருப்பதற்கு நல்ல ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறாள், அசையாமல் இருப்பாள், நல்ல கதைகாரி என்றாள்.

"அவவுக்கு நுளம்பு வாறதோ?" என்று கேட்டேன்.

"ஐயோ ரீச்சர், உங்களை விடக் கூட."

எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டேன். என்ன வயது என்று கேட்டேன். என்ன படித்தவ, கலியாணம் முடித்தவவோ என்றும் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் சந்தோசமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்து ஏதோ சொல்வதும், அவள் அதற்குச் சிரிப்பதும் கேட்டது. அடுப்பில் சோறு கிடக்கிறது, பிறகு கதைப்பம் என்று சொல்லிக் கைபேசியை வைத்தேன். அடுப்பு மூட்டவே இல்லை. கணவர் மேசையிலிருந்து நிமிர்ந்து, மிஸ் என்னவாம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.